எர்காட்டமின் கலந்த ஒற்றைத் தலைவலி மாத்திரை: மருந்துக் கடைப் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு மதிப்புரை

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊர் மெடிக்கலில் போய் "மண்டையில ஒரு பக்கம் மட்டும் வலிக்குதுண்ணே, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்று சொன்னாலும் கை போகிற அட்டைகளில் ஒன்று இது. பல கம்பெனிகள் பல பெயரில் போடுகின்றன. பெயரை விடுங்கள், அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். எர்காட்டமின் டார்ட்ரேட் 1 மி.கி., காஃபின் 100 மி.கி., பாரசிட்டமால் 250 மி.கி., புரோக்ளோர்பெராசின் மேலியேட் 2.5 மி.கி. என்று நான்கு வரி இருந்தால் இந்த மதிப்புரை அந்த மாத்திரைக்குத்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மாதத்தில் ஒன்றிரண்டு முறை ஒற்றைத் தலைவலி வருகிறது, பிரஷரோ இதயக் கோளாறோ இல்லை, டாக்டர் பார்த்து எழுதியிருக்கிறார், வலி கிளம்பும்போதே போட்டுக்கொள்ள முடிகிறது என்றால் இது நல்ல மருந்து. வீட்டில் யாருக்குத் தலை வலித்தாலும் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையாக வைத்திருந்தால், அலமாரியில் இருக்கும் மாத்திரைகளிலேயே ஆபத்தானவற்றில் ஒன்று. இரண்டுக்கும் காரணம் அந்த முதல் வரியில் இருக்கும் ஒரு மில்லிகிராம்தான்.

எர்காட்டமின் ஒரு பூஞ்சணத்தின் நஞ்சு. குளிர்நாடுகளில் விளையும் ரை என்ற தானியத்தின் பூவில் கிளாவிசெப்ஸ் பர்பியூரியா என்ற பூஞ்சணம் புகுந்தால், மணி பிடிக்க வேண்டிய இடத்தில் கருஊதா நிறத்தில் கெட்டியாக, சேவலின் பின்னங்கால் முள்ளைப் போல வளைந்து ஒன்று நீண்டு நிற்கும். அதுதான் எர்காட். பழைய பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குச் சேவல் முள் என்றே பொருள். அதை மாவோடு அரைத்து ரொட்டி சுட்டுத் தின்ற ஐரோப்பியக் கிராமங்களில் கைகால் எரிந்து, கறுத்து, காய்ந்து விழுந்தது. புனித அந்தோணியார் தீ என்று அந்த நோய்க்குப் பெயர் வைத்தார்கள். இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து விரல் நுனிக்கு இரத்தமே போகாமல் செய்ததுதான் அந்தத் தீ. அதே இறுக்கத்தை ஒரு மில்லிகிராம் அளவுக்கு அடக்கித் தலைவலிக்குப் பயன்படுத்துகிறோம். 1918இல் பாசல் நகரில் சாண்டோஸ் ஆய்வகத்தில் ஆர்தர் ஸ்டோல் எர்காட்டமினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். வலியின்போது துடிக்கும் நெற்றிப்பொட்டு நாடியின் துடிப்பை இது அடக்குகிறது என்பதை 1938இல் கிரஹாம், உல்ஃப் என்ற இரண்டு மருத்துவர்கள் அளந்து காட்டினார்கள்.

இந்த இடத்தில் டெல்டாக்காரர்களுக்கு ஒரு கேள்வி வரும், வர வேண்டும். நம் வயலிலும் மணிக்குப் பதிலாக ஒன்று வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? சம்பாவில் பூக்கும் நேரத்தில் மேகமூட்டமும் தூறலுமாக இருந்தால் கதிரில் நெற்பழம் பிடிக்கும். நெல்மணி பருத்து, மஞ்சளும் ஆரஞ்சுமாக வெல்வெட் உருண்டை ஆகி, நாளாக நாளாகக் கரும்பச்சையாக மாறும். உள்ளங்கையில் வைத்து உருட்டினால் பொடி அப்பிக்கொள்ளும், கழுவினாலும் ரேகைக்குள் பச்சை நிற்கும். லட்சுமி நோய் என்று, நல்ல விளைச்சலுக்கு அறிகுறியாகச் சொன்ன காலமும் உண்டு. அது உஸ்டிலாஜினாய்டியா வைரன்ஸ் என்ற பூஞ்சணம். எர்காட்டின் குடும்பம்தான், ஆனால் அதில் இருப்பது உஸ்டிலாக்சின் என்ற வேறு நஞ்சு. அது இரத்தக் குழாயை இறுக்குவதில்லை, செல் பிரிவதைத் தடுக்கிறது. அதிலிருந்து எந்த மாத்திரையும் வருவதில்லை. நெற்பழப் பொடி தலைவலிக்கு நல்லது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கம்பில் வரும் தேன் ஒழுகல் நோய் இன்னும் நெருங்கிய சொந்தம்: கிளாவிசெப்ஸ் ஃபியூசிஃபார்மிஸ். பூக்கும் கதிரில் இளஞ்சிவப்பாகத் தேன்போல் சொட்டி, பிறகு கரும்பழுப்புக் கட்டியாக இறுகும். இதன் நஞ்சு கிளாவின் வகை. விரல் கறுக்காது, ஆனால் தின்றவருக்குக் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், தூங்கி வழிதல் எல்லாம் வரும். 1975இல் ராஜஸ்தானில் இப்படிப்பட்ட கம்பைத் தின்றவர்களுக்கு இதுதான் நடந்தது. ஆடி மாதம் கூழ் வார்க்க மூட்டைக் கம்பு வாங்குகிறவர்கள் ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். உணவுக் கம்பில் எர்காட் பிடித்த மணி எடையில் 0.05 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்ட வரம்பு. கிலோவுக்கு அரை கிராம்தான். கண்ணுக்கு நாலைந்து கறுப்புக் கட்டி பட்டாலே அந்த மூட்டை வேண்டாம். விதைக்கம்பு என்றால் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ கல்லுப்பைக் கரைத்து அதில் கொட்டுங்கள். கட்டிகளும் நோய்பட்ட பொக்கு மணிகளும் மிதக்கும், நல்ல மணி அடியில் தங்கும். மிதப்பதை அரித்து எடுத்து எரித்துவிட்டு, அடியில் இருப்பதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்த வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும்.

மாத்திரைக்கு வருவோம். நான்கு மருந்துக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. எர்காட்டமின் வாய் வழியாகப் போனால் இரத்தத்தில் ஏறுவது மிகமிகக் குறைவு, நூற்றில் சில பங்குகூடக் கிடையாது. காஃபின் அதைக் குடலில் கரைத்து ஏற்றிவிடுகிறது, அதனால்தான் அது கூடவே இருக்கிறது. பாரசிட்டமால் வலிக்கு, அளவு சின்னது. புரோக்ளோர்பெராசின் வாந்திக்கு. இந்தக் கலவையை யோசித்தவர்கள் ஒற்றைத் தலைவலியை நன்றாகத் தெரிந்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். வலி ஏற ஏற இரைப்பை மந்தமாகி நின்றுவிடும், உள்ளே போட்ட மாத்திரை அப்படியே கிடக்கும் அல்லது வாந்தியில் வெளியே வரும். அந்த வாந்தியை அடக்கத்தான் அந்த 2.5 மி.கி.

"போட்டேன், கேட்கலை" என்று சொல்கிறவர்களில் பலர் தாமதமாகப் போட்டவர்கள். காலையில் கண் கூசுகிறது, கழுத்து இறுகுகிறது, வெளிச்சம் பிடிக்கவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்று மத்தியானம் வரை இழுத்து, வாந்தி எடுத்த பிறகு போட்டால் எந்த மாத்திரையும் கேட்காது. வலி கிளம்புகிறது என்று தெரிந்த உடனே டாக்டர் சொன்ன அளவை ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டுவிட்டு, இருட்டான அறையில் படுத்துவிட வேண்டும். கேட்கவில்லை என்றால் எத்தனை நிமிடம் கழித்து அடுத்தது, ஒரு நாளில் மொத்தம் எத்தனை என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எர்காட்டமினுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு ஒரு தாக்குதலுக்கு 6 மி.கி., வாரத்துக்கு 10 மி.கி. இது கூரை, இலக்கு அல்ல. டாக்டர்கள் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் எழுதுவார்கள், அதுதான் சரி. போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது, புரோக்ளோர்பெராசின் தூக்கம் வரவைக்கும். சிலருக்கு, குறிப்பாக இளவயதுக்காரர்களுக்கு, கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும் அல்லது தாடை இழுத்துக்கொள்ளும். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு ஊசியில் சரியாகும்.

ஒற்றைத் தலைவலிக்கே எழுதும் இன்னொரு மருந்தான சுமாட்ரிப்டானோடு ஒப்பிட்டால் எப்படி? நேருக்கு நேர் வைத்துப் பார்த்த 1991 ஆய்வில் 100 மி.கி. சுமாட்ரிப்டான் போட்டவர்களில் 66 சதவீதம் பேருக்கு இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தது. எர்காட்டமின் 2 மி.கி.யும் காஃபின் 200 மி.கி.யும் போட்டவர்களில் 48 சதவீதம் பேருக்குத்தான் தணிந்தது. ஆனால் இரண்டு நாளுக்குள் வலி திரும்பி வந்தது சுமாட்ரிப்டானில் 41 சதவீதம், எர்காட்டமினில் 30 சதவீதம். எர்காட்டமின் இரத்தக் குழாயை ஒரு நாள்வரைகூட இறுக்கிப் பிடித்திருக்கும், அதனால் நீண்டு இழுக்கும் வலிக்கு, போய்த் திரும்பி வரும் வலிக்கு இதற்கு இன்னும் இடம் இருக்கிறது. புதிதாக வைத்தியம் தொடங்குகிறவருக்கு எங்கள் தேர்வு இது இல்லை. பல வருடமாக மாதம் ஒருமுறை போட்டுச் சுகமாக இருப்பவரிடம் மாற்றச் சொல்லவும் மாட்டோம். இரண்டையும் ஒரே நாளில் மட்டும் சேர்க்கக் கூடாது. எர்காட்டமின் போட்டால் 24 மணி நேரம் கழித்துத்தான் சுமாட்ரிப்டான். இரண்டும் குழாயை இறுக்குபவை.

யாருக்குக் கூடவே கூடாது: கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், நெஞ்சுவலி அல்லது ஹார்ட் அட்டாக் வந்தவர்கள், நடந்தால் கெண்டைக்கால் இழுக்கும் அளவுக்குக் கால் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள், கல்லீரல், சிறுநீரகம் கெட்டவர்கள். பீடி சிகரெட் பிடிப்பவருக்கு ஆபத்து கூடும்.

அடுத்து வருவதைத்தான் பலரும் கேட்பதில்லை, கடையிலும் சொல்வதில்லை. எர்காட்டமினைக் கல்லீரல் ஒரு குறிப்பிட்ட நொதியால் உடைத்து வெளியேற்றுகிறது. அந்த நொதியைக் கட்டிப்போடும் மருந்து ஒன்றைக் கூடவே போட்டால், நூற்றில் ஓரிரு பங்கு ஏற வேண்டிய நஞ்சு பலமடங்கு ஏறும். ஒரு மாத்திரையிலேயே விரல் நீலம் பாரித்துப் போகலாம். சளிக்கும் தொண்டைக்கும் எழுதும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் அப்படிப்பட்டவை. எச்ஐவி சிகிச்சையில் வரும் ரிட்டோனவிர் அப்படிப்பட்டது. இவற்றைவிட டெல்டாவில் நாங்கள் அஞ்சுவது இட்ராகோனசோலை. ஈரமும் வேர்வையும் குறையாத ஊர் இது, சேற்றில் நின்று நடவு நடுகிறவர்களுக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை வந்தால் லேசில் போகாது. தோல் டாக்டர் இட்ராகோனசோல் கேப்சூலை வாரக்கணக்கில் எழுதுகிறார். அவரிடம் தலைவலி மாத்திரையைப் பற்றி யாரும் சொல்வதில்லை, தலைவலிக்குக் கேட்கும்போது மெடிக்கலில் படர்தாமரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இரண்டு சீட்டும் இரண்டு கடை. கேப்சூல் முடிந்த பிறகும் அந்த மருந்து உடம்பில் தங்கும், குறைந்தது இரண்டு வாரம் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. கெட்டோகோனசோல் மாத்திரையும் இதே கணக்குதான்.

ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க எழுதும் புரோப்ரனலாலும் இதோடு சேர்ந்தால் கைகால் சில்லிட்டுப் போவதைக் கூட்டும். தினமும் புரோப்ரனலால் போடுகிறவர் இதையும் கேட்டால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்பதுதான் முறை. பம்பளிமாஸின் சொந்தமான கிரேப்ஃப்ரூட்டும் அந்த நொதியைக் கட்டும், இந்த மாத்திரை போடும் காலத்தில் பம்பளிமாஸையும் தள்ளி வையுங்கள்.

அடுத்த குறை, மாத்திரையே தலைவலியை உண்டாக்குவது. மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எர்காட்டமின் போட்டு வந்தால் மருந்தினாலேயே தலைவலி வரும் என்பது மருத்துவ வரையறை. இதில் எண்ண வேண்டியது மாத்திரையை அல்ல, நாளை. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் ஒரு நாள்தான், தினம் பாதி பாதியாகப் போட்டாலும் முப்பது நாள். காலண்டரில் மாத்திரை போட்ட நாளில் ஒரு புள்ளி வையுங்கள், மாதக் கடைசியில் புள்ளி எட்டைத் தொட்டால் டாக்டரைப் பார்க்கும் நேரம் அது. விடும்போது முதல் சில நாள் வலி கூடும். அதைத் தாங்க முடியாமல் மறுபடி போடுவதுதான் சுழலாகிறது, அதனால் டாக்டர் துணையோடு நிறுத்துவது நல்லது.

காபியையும் இதில் சேர்த்துக் கணக்குப் பண்ண வேண்டும். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயந்திரம் ஒன்று என்று டிகிரி காபி ஓடும் வீட்டில், விரத நாளில் காபி தள்ளிப்போனாலே மத்தியானத்துக்குள் தலை கனக்கும். அது ஒற்றைத் தலைவலி இல்லை, காஃபின் கேட்கும் வலி. அதற்கு இந்த மாத்திரையைப் போட்டால் அதில் இருக்கும் 100 மி.கி. காஃபினால் உடனே போய்விடும், "அடேங்கப்பா, என்ன மருந்து!" என்று அடுத்த ஏகாதசிக்கும் தேடுவார்கள். தேவையே இல்லாத எர்காட்டமின் அப்படித்தான் உள்ளே போகிறது. பாரசிட்டமாலும் இதில் இருக்கிறது என்பதை மறந்து, காய்ச்சல் என்று 650 மி.கி. மாத்திரையையும் மேலே மேலே போடுவது இன்னொரு தவறு.

இதே பூஞ்சணத்தின் மற்ற பிள்ளைகளும் அதே அலமாரியில் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தும் மெத்தில் எர்கோமெட்ரின் 0.2 மி.கி. ஊசியாகவும் 0.125 மி.கி. மாத்திரையாகவும் வருகிறது. 1808இல் அமெரிக்காவில் ஜான் ஸ்டெர்ன்ஸ் எர்காட்டைப் பிரசவத்தை விரைவுபடுத்தக் கொடுக்கலாம் என்று எழுதி, குழந்தைகள் இறந்து, 1824இல் டேவிட் ஹோசாக் குழந்தை பிறந்த பிறகு மட்டுமே கொடுக்க வேண்டும் என்று எச்சரித்தார். இன்றைக்கும் அந்த எல்லை அப்படியேதான் நிற்கிறது. பிரஷர் ஏறிய தாய்க்குக் கொடுக்கக் கூடாது. ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கரன்ட் போய் ஃபிரிட்ஜ் நின்று, ஆம்பியூலில் தண்ணீர்போல இருந்தது நிறம் மாறியிருந்தால் குப்பைக்குத்தான். பச்சைக் குழந்தைக்குப் போடும் ஊசி மருந்துகளோடு ஒரே தட்டில் அதை வைக்கவே கூடாது, மாற்றிப் போட்ட விபத்துகள் உலகில் பதிவாகியிருக்கின்றன. மெத்தில் எர்கோமெட்ரின் மாத்திரை சாப்பிடும் நாட்களிலும், கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரமும் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பு சொல்கிறது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடியவர்களுக்கு எழுதும் புரோமோகிரிப்டின், கேபர்கோலின் ஆகியவையும் எர்காட் வழி வந்தவைதான். அவற்றின் கதை தனி.

கடைசியாக, விற்கும் விதம். மருத்துவர் சீட்டில் மட்டும் விற்க வேண்டியது என்று அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனாலும் "ரெண்டு மட்டும் குடுங்க" என்றால் கத்தரியால் வெட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. வெட்டினால் பெயரும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் ஒரு துண்டில் போய்விடும், உங்கள் கையில் வெறும் வெள்ளித்தாள் துண்டுதான் இருக்கும். வெட்டித்தான் வாங்க வேண்டும் என்றால் பெயர் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், பில்லும் வாங்குங்கள். வெளிச்சமும் வெப்பமும் எர்காட்டமினைக் கெடுக்கும், பைக் பெட்டியிலும் சமையலறை ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். மாத்திரையில் புள்ளி விழுந்திருந்தால், நிறம் மங்கியிருந்தால் போடாதீர்கள்.

பெயர் இருக்கும் அந்தத் துண்டு எதற்கு என்றால்: மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் விரல் நுனி சில்லென்று ஆகி, மரத்து, ஊசி குத்துவதுபோல் விறுவிறுத்தால், வெளுத்து நீலம் தட்டினால், நடக்கும்போது கெண்டைக்கால் வலித்தால், நெஞ்சை அழுத்தினால், அடுத்த மாத்திரை கிடையாது. வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு வீட்டில் உட்காரவும் கூடாது. நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. போகும்போது தலைவலி அட்டை, படர்தாமரைக் கேப்சூல் அட்டை, அந்த வாரம் போட்ட ஆன்டிபயாட்டிக் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கும் டாக்டரிடம், நாடி கிடைக்கவில்லை என்று அவர் முகம் மாறுவதற்கு முன்பே, அந்தப் பையை நீட்டுங்கள்.